மரங்கொத்தி குடியிருக்கும் பட்ட மரம்: வெட்டலாமா, விடலாமா?

தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அந்த ஓசை பழக்கமானது. காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது தோப்பின் ஒரு மூலையிலிருந்து, தச்சர் உளியால் தட்டுவது போல 'டொக், டொக்' என்று கேட்கும். அருகில் சென்றால் ஓசை நின்றுவிடும். மரத்தின் மறுபக்கமாக நகர்ந்து மறையும் ஒரு பறவை, சற்று நேரத்தில் உரத்த குரலில் கத்திக்கொண்டு, அலைபோல ஏறி இறங்கிப் பறந்து செல்லும். அதுவே மரங்கொத்தி. தச்சன் குருவி என்ற பெயரும் இதற்கு உண்டு.

இப்பறவையைப் பற்றி விவசாயிகளிடையே இருவிதமான கருத்துகள் நிலவுகின்றன. மரங்கொத்தி கொத்துவதால்தான் மரம் பட்டுப்போகிறது, ஆகவே அதை விரட்ட வேண்டும் என்பது ஒன்று. மரங்கொத்தி வண்டுகளைத் தின்று தோப்பைக் காக்கிறது, ஆகவே அது இருக்கும் பட்ட மரத்தைத் தொடவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் உள்ளது. முதல் கருத்தை நம்புபவர் ஒரு நல்ல நண்பனை இழக்கிறார். இரண்டாவது கருத்தை அப்படியே நம்புபவர் தம் தோப்பிலேயே வண்டுகளுக்கு இடம் கொடுத்துவிடக்கூடும்.

'ஐயா, அந்தப் பட்ட மரத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடலாமா?' என்று மரம் வெட்ட வந்தவர் கேட்கும்போது, சரியான பதிலைச் சொல்ல விவசாயிக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்த மரம் எதனால் பட்டது? அதற்குள் இப்போது என்ன இருக்கிறது? இது எந்த மாதம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் மரத்தைப் பற்றிய முடிவும் எளிதாகிவிடும்.

பறவையை அடையாளம் காணுதல்

தமிழ்நாட்டின் தோப்புகளிலும் வயலோரங்களிலும் அதிகமாகக் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. இது மைனாவை விடச் சற்றுப் பெரியது. அலகு நுனி முதல் வால் நுனி வரை 26 முதல் 29 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதுகு பொன் மஞ்சள் நிறம். வால் புறமும் அதற்கு மேலுள்ள பகுதியும் கறுப்பு. கழுத்தின் முன்பகுதி கறுப்பாகவும், அதில் வெள்ளைக் கீற்றுகள் கொண்டும் இருக்கும்.

ஆண், பெண் வேற்றுமையைத் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆணுக்கு நெற்றி முதல் கொண்டை வரை முழுவதும் சிவப்பு. பெண்ணுக்குப் பின் கொண்டை மட்டுமே சிவப்பு. நெற்றிப் பகுதி கறுப்பாகவும் வெள்ளைப் புள்ளிகளுடனும் இருக்கும். கூட்டைக் கவனிப்பவர்களுக்கு இந்த வேற்றுமை மிகவும் பயன்படும். எந்தப் பறவை உள்ளே சென்றது, எது வெளியே வந்தது என்பதை இதைக் கொண்டே அறியலாம்.

பல ஊர்களில் கொண்டலாத்தியை மரங்கொத்தி என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. தலையில் விசிறி போன்ற கொண்டையும், நீண்டு வளைந்த மெல்லிய அலகும் கொண்டு, களத்திலும் வரப்பிலும் தரையைக் குத்திப் புழு பொறுக்குவது கொண்டலாத்தி. அது மரத்தைத் துளைப்பதில்லை. மரத்தண்டில் செங்குத்தாகத் தொற்றிக்கொண்டு ஏறுவதே மரங்கொத்தி.

தச்சுக் கருவிகள் உடலிலேயே

மரங்கொத்தியின் அலகு நேரானது, உறுதியானது, நுனி உளி போன்றது. கால் விரல்களில் இரண்டு முன்னோக்கியும் மற்றவை பின்னோக்கியும் அமைந்து தண்டை இறுகப் பற்றுகின்றன. வால் இறகுகள் விறைப்பானவை. அவற்றைத் தண்டின் மீது ஊன்றி, முக்காலி போல உட்கார்ந்து வேலை செய்கிறது. நாக்கு அலகை விட மிக நீளமானது. அதன் அடிப்பகுதி மண்டையைச் சுற்றிப் பின்புறமாகச் செல்கிறது. பசையும் முள் போன்ற நுனியும் கொண்ட இந்த நாக்கைத் துளைக்குள் நுழைத்து, உள்ளே இருக்கும் புழுவையும் எறும்பையும் வெளியே இழுத்துவிடும்.

இத்தனை வேகமாக முட்டியும் தலை வலிக்காதா என்று குழந்தைகள் கேட்பார்கள். மண்டை ஓட்டில் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை போன்ற அமைப்பு இருப்பதாக நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகப் படக்கருவியில் பதிவு செய்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதனை மறுத்தது. தலை ஒரு கெட்டியான சுத்தியலைப் போலவே இயங்குகிறது என்றும், மூளை மிகச் சிறியதாக இருப்பதால் அந்த அதிர்ச்சி அதற்குத் தீங்கு செய்வதில்லை என்றும் அந்த ஆய்வு விளக்கியது.

ஏன் கொத்துகிறது?

மரங்கொத்தி காரணமின்றி மரத்தைக் கொத்துவதில்லை. அதன் கொத்தலுக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, இரை தேடுதல். எறும்பு, கறையான், மரப்பட்டைக்குக் கீழே உள்ள வண்டுகளின் புழுக்கள் ஆகியவையே இதன் முக்கிய உணவு. பூவில் உள்ள தேனையும் சில வேளைகளில் குடிக்கும். இரை தேடும்போது இங்கும் அங்குமாக, ஆழமில்லாமல் கொத்திப் பார்த்துக்கொண்டே மேலே ஏறும்.

இரண்டாவது, கூடு அமைத்தல். அப்போது ஒரே இடத்தில், நாள் கணக்கில், பொறுமையாகக் கொத்தும்.

மூன்றாவது, செய்தி சொல்லுதல். காய்ந்த கிளையின் மீது மிக வேகமாகத் தட்டி, 'இது என் இடம்' என்று மற்ற மரங்கொத்திகளுக்கு அறிவிக்கும். இதனால் மரத்திற்குக் காயம் ஏற்படுவதில்லை.

நல்ல நிலையில் உள்ள மரத்தை மரங்கொத்தி கொத்திப் பட்டுப்போகச் செய்வதில்லை. பெரும்பாலும் மரம் முன்பே நலிந்திருக்கும். புழு உள்ளே இருக்கும். அதைத் தேடியே பறவை வந்திருக்கும். உயிருள்ள ஒரு தென்னையில் மரங்கொத்தி ஒரே இடத்தை அடிக்கடி நாடினால், பறவையைக் கல்லெறிந்து விரட்டுவதற்கு முன் அந்த மரத்தை நன்கு சோதித்துப் பார்ப்பது நல்லது. தண்டில் சிறு துளைகள் உள்ளனவா, பழுப்பு நிறச் சாறு கசிகிறதா, மென்று துப்பியது போல நார்ச்சக்கை வெளியே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்ற ஓசை கேட்பதும் உண்டு. இவை சிவப்புக் கூன்வண்டின் அடையாளங்கள். நடுக்குருத்து வாடித் தொங்கிய பிறகு மரத்தைக் காப்பாற்றுவது அரிது. முன்னதாகக் கண்டுபிடித்தால் வழி உண்டு.

அதே சமயம், மரங்கொத்தி இருப்பதால் கூன்வண்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. கூன்வண்டின் புழுக்கள் தண்டின் ஆழத்தில், மெல்லிய சதைப் பகுதியில் இருந்து தின்னுகின்றன. அங்கெல்லாம் பறவையின் நாக்கு எட்டாது. மரங்கொத்தி தோப்புக்கு ஒரு துணை மட்டுமே. பயிர்ப் பாதுகாப்பு வேலையை விவசாயிதான் செய்தாக வேண்டும்.

பொந்து முதல் குஞ்சு வரை

பொன்முதுகு மரங்கொத்தியின் இனப்பெருக்கக் காலம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூலை வரை. அதாவது மாசி முதல் ஆனி முடிய. இந்த மாதங்களில் பட்ட தென்னை, பட்ட பனை, காய்ந்த பருத்த கிளை ஆகியவற்றை ஆணும் பெண்ணும் சேர்ந்து துளைக்கின்றன. தென்னை, பனை மரங்களின் தண்டு வெளிப்புறம் கடினமாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்கும். வெளி ஓட்டைத் துளைத்துவிட்டால் உள்ளே குடைவது எளிது. கடினமான ஓடு குஞ்சுகளுக்கு நல்ல சுவராகவும் அமைகிறது. மரத்தின் கடினத்தைப் பொறுத்து இந்த வேலைக்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம்.

வாசல் ஏறத்தாழ 3 அங்குல அகலம் உள்ள வட்டத் துளை. அது முதலில் நேராக உள்ளே சென்று, பிறகு கீழ்நோக்கி ஒரு குடுவை போல இறங்கும். உள்ளே புல்லோ பஞ்சோ வைப்பதில்லை. வெறும் மரத்தின் மீதே பளபளப்பான வெள்ளை முட்டைகள் இரண்டு அல்லது மூன்று இடும். முட்டைகள் பொரிய ஏறத்தாழ 11 நாட்கள். பொரிந்த குஞ்சுகள் பறந்து வெளியேற ஏறத்தாழ 20 நாட்கள். முட்டையிடும் சில நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை மொத்தம் 5 வாரங்களே ஆகின்றன. இந்தக் கணக்கை விவசாயிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது பயன்படும்.

கூட்டைக் கவனிக்க மரத்தில் ஏற வேண்டியதில்லை. ஏறவும் கூடாது. 30, 40 அடி தள்ளி வேறொரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். காலை 6 மணி முதல் 8 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பிறகும் நல்ல நேரம். கண்டவற்றை வீட்டு நாட்காட்டியில் அந்தந்தத் தேதியில் குறித்துக்கொள்ளலாம். எந்த நிலையில் எதைக் காணலாம் என்ற விவரம் வருமாறு:

1. பொந்து குடையும் காலம்: மரத்தின் அடியில் புதிய, வெளிறிய நிறமுள்ள மரச்சில்லுகள் சிதறிக் கிடக்கும். பறவை துளைக்குள் தலையை விட்டுச் சில்லுகளைக் கவ்வி வெளியே எறிவதைக் காணலாம்.

2. அடைகாக்கும் காலம்: சில்லுகள் விழுவது நின்றுவிடும். மரம் வெறிச்சோடியது போலத் தோன்றும். இந்தச் சமயத்தில்தான் 'பறவை போய்விட்டது' என்று எண்ணிப் பலர் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். சிறிது நேரம் காத்திருந்தால் ஒரு பறவை வந்து வாசலில் தொற்றுவதும், உள்ளிருந்து மற்றொன்று வெளியேறுவதும் தெரியும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். மரங்கொத்தி இனத்தில் இரவில் பெரும்பாலும் ஆண்தான் அடையில் இருக்கும்.

3. குஞ்சு வளரும் காலம்: போக்குவரத்து அதிகமாகும். தாயும் தந்தையும் அலகில் எதுவும் இல்லாமல் வருவது போலத் தெரியும். இரையைத் தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்து, உள்ளே சென்று கக்கி ஊட்டுவதே இதற்குக் காரணம். நாட்கள் செல்லச் செல்லப் பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் இரைச்சல் தரை வரை கேட்கும்.

4. பறக்கும் காலம்: குஞ்சு வாசலில் தலையை நீட்டி வெளியே பார்க்கத் தொடங்கும். அதன் பிறகு சில நாட்களில் கூடு காலியாகிவிடும்.

சாரைப்பாம்பும் உடும்பும் மரமேறி முட்டைகளைத் தின்பதுண்டு. மைனாவும் கிளியும் பொந்தைப் பிடுங்கிக்கொள்ளப் பார்ப்பதுண்டு. மனிதர் அடிக்கடி மரத்தடிக்குப் போவது, தண்டைத் தட்டிப் பார்ப்பது, பொந்துக்குள் டார்ச் வெளிச்சம் அடிப்பது ஆகியவற்றால் பறவைகள் முட்டையைக் கைவிட நேரிடும். மேலும், மரங்கொத்தியைப் பிடிப்பதும், அதன் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

எந்த மரம் போக வேண்டும்?

தோப்பில் பட்ட மரத்தை நிற்க விடக் கூடாது என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அதை மறந்து பறவையை மட்டும் நினைத்தால் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் நஷ்டம் வரும். எனவே பட்ட மரங்களைப் பின்வருமாறு பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிவப்புக் கூன்வண்டு தாக்கிச் சாகும் நிலையில் உள்ள தென்னை: இதில் தாமதம் கூடாது. ஒரே மரத்திற்குள் கூன்வண்டு அடுத்தடுத்துத் தலைமுறைகளைப் பெருக்கி, மற்ற மரங்களுக்குப் பரவும். காப்பாற்ற முடியாது என்று தெரிந்தவுடன் வெட்டி, தண்டைப் பிளந்து, புழு, கூட்டுப்புழு, வண்டு அனைத்தையும் அழித்து, எரித்துவிட வேண்டும். குருத்து வாடிய புதிதில் இத்தகைய மரத்தில் மரங்கொத்தி பொந்து அமைத்திருப்பது அரிது. ஆகவே உடனே வெட்டுவதால் பறவைக்கும் இழப்பில்லை.

தஞ்சாவூர் வாடல் நோயால் பட்ட தென்னை: அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து மரம் பட்டுப்போயிருந்தால், அடிக்கட்டையிலும் வேரிலும் நோய்க் காளான் தங்கியிருக்கும். இந்த மரத்தையும் வேரோடு அகற்ற வேண்டும்.

இற்றுப்போன தென்னை: விழுந்து கிடக்கும் தண்டு, ஈரம் கோத்து இற்றுப்போன அடிக்கட்டை, உச்சி அழுகி நிற்கும் மொட்டைத் தென்னை ஆகியவை காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள். புயலுக்குப் பின் இவை குவிந்துவிடுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் தென்னை விவசாயிகள் இத்தகைய மரங்களை அகற்ற என்ன பாடுபட்டார்கள் என்பது யாவரும் அறிந்ததே. இவற்றையும் அகற்றியே ஆக வேண்டும். ஆனால் இங்கே நாள் பார்த்துச் செய்ய இடம் இருக்கிறது.

காண்டாமிருக வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக வெளிவர 4 மாதங்களுக்குக் குறையாது; 6 மாதங்களுக்கு மேலும் ஆகலாம். மரங்கொத்திக்கு முதல் முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை 5 வாரங்கள் போதும். புதிதாகப் பட்ட தென்னையில் மரங்கொத்தி முட்டையிட்டிருந்தால், குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டினாலும், அந்த 5 வாரத்தில் இடப்பட்ட வண்டின் முட்டைகள் வண்டாகிப் பறக்க முடியாது. வெட்டிப் பிளந்து எரிக்கும்போது அவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே ஒரு மாதம் பொறுப்பதால் பறவையும் பிழைக்கும். விவசாயியும் நஷ்டப்பட மாட்டார்.

மரம் பட்டு நெடுநாளாகி, உள்ளே வளர்ந்த புழுக்கள் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், காத்திருக்கும் நாட்களில் வண்டுகளைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வைத்தால், வண்டுகள் கவரப்பட்டு விழும். விழுந்தவற்றை நாள்தோறும் எடுத்து அழிக்க வேண்டும்.

இதை விடவும் நல்ல வழி, வேலையைக் காலத்தில் செய்வது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் தோப்பை ஒருமுறை சுற்றி வந்து, போக வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் இட்டு, மார்கழி, தை மாதங்களில் வெட்டிவிட வேண்டும். அப்போது பொந்துகளில் முட்டையோ குஞ்சோ இராது. மாசியில் பறவை இடம் தேடி வரும்போது ஆபத்தான மரம் அங்கே நிற்காது. பறவையும் வேறு மரத்தில் பொந்து அமைத்துக்கொள்ளும்.

எந்த மரம் நிற்கலாம்?

எல்லாப் பட்ட மரங்களையும் அகற்றிவிட்டால் மரங்கொத்தி எங்கே போகும்? இதற்கும் வழி உண்டு. தென்னை அல்லாத மரங்களைச் சிறிது விட்டு வைப்பதே அது.

வயலோரத்தில், வரப்பில், குளக்கரையில் நிற்கும் வேம்பு, வாகை, பூவரசு, உதியன், கல்யாண முருங்கை ஆகியவற்றில் காய்ந்த பருத்த கிளை இருந்தால், அதை முழுவதும் கழிக்காமல் ஓரிரு முழம் விட்டு வெட்டலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், தென்னையிலிருந்து தள்ளி, காய்ந்து கெட்டியாக நிற்கும் மொட்டைப் பனையை அப்படியே விடலாம். அதன் உச்சியும் அடியும் ஈரம் கோத்து இற்றுப்போகாமல் இருக்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதும் நினைவில் இருக்க வேண்டும். பனங்காட்டில் வரப்புக்குத் தீ வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஆனால் வீட்டோரம், மாட்டுக் கொட்டகை, நடைபாதை, மின்கம்பி, பம்புசெட் அறை ஆகியவற்றின் மீது சாயக்கூடிய பட்ட மரம் எதுவாயினும் நிற்கக் கூடாது. காற்றுக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்து.

உயிருள்ள தென்னையில் பொந்து இருந்தால்

சில வேளைகளில் மரங்கொத்தி உயிருள்ள தென்னையின் தண்டிலேயே பொந்து அமைத்துவிடும். தென்னைத் தண்டில் மற்ற மரங்களைப் போலக் காயம் ஆறித் தோல் மூடுவதில்லை. துளை துளையாகவே இருக்கும். ஆயினும் சாறு செல்லும் நரம்புகள் தண்டு முழுவதும் பரவியிருப்பதால், ஒரு பக்கத்தில் பொந்து விழுவதால் மட்டும் மரம் பட்டுவிடாது. காய்ப்பும் நின்றுவிடாது. பெருங்காற்றில் அந்த இடத்தில் முறியக்கூடும் என்பதே அச்சம்.

இத்தகைய மரத்தில் குஞ்சுகள் பறந்து பொந்து காலியானதை இரண்டு மூன்று நாட்கள் கவனித்து உறுதி செய்துகொண்டு, துளையைச் சிமெண்டுக் கலவையால் நன்றாக அடைத்துவிட வேண்டும். தண்டில் உள்ள எந்தக் காயமும் கூன்வண்டு முட்டையிட வழி ஏற்படுத்தும் என்பதால் இது அவசியம். மரமேறப் படி வெட்டுவதாலும் காயம் ஏற்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. பச்சை மட்டைகளை வெட்டாதிருப்பது நல்லது. வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது 4 அடி, விட்டு வெட்ட வேண்டும். உள்ளே குஞ்சு இருக்கும்போது துளையில் மருந்து ஊற்றுவதோ அடைப்பதோ கூடாது.

குடியிருந்தவர் போன பின்

மரங்கொத்தி பெரும்பாலும் ஆண்டுதோறும் புதிய பொந்து குடைந்துகொள்ளும். பழைய பொந்து வீணாவதில்லை. மைனா, பச்சைக்கிளி, குண்டுகரிச்சான் முதலிய பறவைகளுக்கு மரத்தில் வாழ விருப்பம் உண்டு. துளைக்க அலகு கிடையாது. அவை மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்துகளில் குடியேறுகின்றன. மழையால் இற்று வாசல் அகன்றுவிட்டால் புள்ளி ஆந்தையும் குடிவரும். மொட்டைப் பனையின் உச்சிப் பள்ளத்தில் பனங்காடை கூடு வைக்கும்.

இவற்றுள் கிளி பழத்தையும் கதிரையும் தின்னும் என்பது உண்மையே. ஆனால் மைனாவும் கரிச்சானும் பனங்காடையும் வெட்டுக்கிளி, வண்டு, புழு ஆகியவற்றைத் தின்கின்றன. புள்ளி ஆந்தை பூச்சிகளுடன் சுண்டெலிகளையும் பிடிக்கிறது. நெல் வயலில் எலியைப் பிடிக்க ஆந்தை உட்காருவதற்கென்று குச்சி நட்டு வைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். அந்தக் குச்சியில் இரவில் வந்து உட்காரும் ஆந்தைக்குப் பகலில் தங்க ஒரு பொந்து வேண்டும். அந்தப் பொந்தைக் கூலி வாங்காமல் குடைந்து கொடுப்பது மரங்கொத்தி.

சுருக்கமாக

கூன்வண்டு உள்ள மரத்தை உடனே வெட்டுங்கள். மற்ற பட்ட தென்னைகளை மார்கழி, தை மாதங்களில் வெட்டுங்கள். மாசி முதல் ஆனி வரை எந்தப் பட்ட மரத்தில் கோடரி வைப்பதானாலும், முந்தின நாள் மாலை அரை மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்து பாருங்கள். அடியில் புதிய சில்லுகள் கிடந்தாலோ, பறவை உள்ளே சென்றாலோ, நாட்காட்டியில் அன்றைய தேதியில் ஒரு கோடு போட்டு, 5 வாரம் தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். பொந்து குடைந்துகொண்டே இருந்தால் சில்லுகள் விழுவது நின்ற நாளிலிருந்து அந்த 5 வாரத்தைக் கணக்கிடுங்கள். இரண்டாவது கோடு வந்ததும், பொந்து காலியானதைப் பார்த்துவிட்டு மரத்தைச் சாய்க்கலாம்.

வரப்பில் ஒரு மொட்டைப் பனையோ, வேம்பில் ஒரு காய்ந்த கிளையோ விட்டு வைத்தால், மறு ஆண்டு மாசியில் அந்த உளி ஓசை மீண்டும் கேட்கும்.